மதிலடி மனிதர்கள்



இந்த மாதம் பயணச் சிறப்பிதழ். அறிவிப்பு வெளியானதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இருந்தன. சீனாவுக்கு, அதுவும் சுற்றுலாக் குழுவோடு சேராமல், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாகப் போக முடியுமா? மொழி தெரியாதே, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, நம்மைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் எப்படி நடந்துகொள்வார்கள்? 2020-ல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் கடைசியில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு மீண்டும் பறக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது.

நான் ஐம்பதைத் தாண்டியவள். சீன மொழியில் வணக்கமும் நன்றியும் தவிர வேறு எதுவும் அறியாதவள். ஷியான் நகருக்கு அப்படித் தனியாகப் போய்த் தங்கி வந்தவள் என்கிற உரிமையில் இந்தப் பக்கத்திலேயே பதில் எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். அப்படிப் போகிறவர்களுக்குத்தான் அந்த ஊரின் மனிதர்கள் கிடைப்பார்கள் என்பதும் என் உறுதியான எண்ணம். குழுவோடு போனால் கட்டடங்களைப் பார்க்கலாம். நேரம் நம் கையில் இருக்காது. நேரம் கையில் இல்லாதவர்களோடு எந்த ஊர்க்காரரும் பேச மாட்டார்.

பெய்ஜிங், ஷாங்காய் என்று எல்லாரும் சொல்லும் ஊர்களை விட்டு ஷியானை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஷான்சி மாகாணத்தின் தலைநகரான இந்த ஊரில் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் பேர் வாழ்கிறார்கள். மெட்ரோவும் அடுக்குமாடிக் கட்டடங்களும் அகன்ற சாலைகளுமாகப் பெரிய நகரம்தான். ஆனால் அதன் நடுவே பழைய ஊர் இன்னும் மதிலுக்குள் இருக்கிறது. மிங் வம்சத்தின் முதல் பேரரசர் காலத்தில், 1370-களில் கட்டிய மதில் அது. சுற்றளவு 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர். மேல்தளம் இரண்டு லாரிகள் எதிரெதிரே போகிற அளவுக்கு அகலம். வாடகை சைக்கிள் எடுத்து மதில்மேலேயே ஒரு முழுச் சுற்று வரலாம். ஒரு பக்கம் பார்த்தால் சாம்பல் நிற ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் கண்ணாடிக் கோபுரங்கள். மதிலுக்குள் இருக்கும் ஊரை நடந்தே பார்த்துவிடலாம். நட்டநடுவில் 1384-ல் கட்டிய மணிக்கோபுரம் நிற்கிறது; நான்கு பெரிய வீதிகளும் அங்கேதான் கூடுகின்றன. எந்தச் சந்தில் வழி தெரியாமல் நின்றாலும் கைப்பேசியில் அதன் படத்தைக் காட்டினால் போதும், யாராவது கை நீட்டித் திசை காட்டிவிடுவார்கள்.

ஷியானுக்குப் போய் சுடுமண் வீரர்களைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. நானும் பார்த்தேன். 1974 மார்ச்சில், மழையில்லாத காலத்தில் கிணறு வெட்டிய உழவர்களின் கண்ணில் முதலில் பட்ட படை அது. கி.மு. 210-ல் இறந்த பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாக மண்ணுக்குள் நின்றது. முதல் குழியில் மட்டும் 6,000 உருவங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பேரரசரின் கல்லறையை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. வீரர்கள் நிற்கும் இடம் நகருக்குக் கிழக்கே 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மெட்ரோவிலும் பேருந்திலும் மாறிப் போகலாம். கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் குழுக்களின் கொடிகளும் ஒலிபெருக்கிகளும் வந்து நிறைந்துவிடும். வழியில் மலிவு விலையில் வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று அழைக்கும் தரகர்களோடு போகாதீர்கள். இதற்கு மேல் எந்தக் கையேட்டிலும் இருக்கிறது.

பெரிய காட்டுவாத்துக் கோபுரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அதற்கும் நமக்கும் உறவு இருப்பதால். நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த யுவான் சுவாங், அன்று சாங்கான் என்று பெயர் கொண்ட இதே நகரிலிருந்துதான் அரசின் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். 645-ல் 657 நூல்களோடு திரும்பி வந்தார். அவற்றைக் காக்க 652-ல் எழுப்பிய கோபுரம் இது. இன்று ஏழு அடுக்கோடு, 64 மீட்டர் உயரத்தில், மண் நிறத்தில் எந்த ஆடம்பரமும் இல்லாமல் நிற்கிறது. அந்தத் துறவி 640 வாக்கில் காஞ்சிபுரத்துக்கு வந்தவர். அங்கே நூற்றுக்கணக்கான விகாரங்களும் 10,000 துறவிகளும் இருந்ததாகக் குறித்து வைத்தவர். காஞ்சியிலிருந்து இலங்கைக்குப் போக நினைத்திருந்தார். இலங்கை அரசர் இறந்துவிட்டார், அங்கே பஞ்சம் என்று கடல் கடந்து வந்த துறவிகள் சொன்னதைக் கேட்டுத் திரும்பினார். இன்னொன்றும் உண்டு. நாளந்தாவில் அவருக்குப் பாடம் சொன்ன குரு சீலபத்திரர். சீலபத்திரரின் குரு தர்மபாலர். தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதை எழுதி வைத்தவரும் யுவான் சுவாங்தான்.

கோபுரத்துக்கு முன்னால் யுவான் சுவாங்கின் சிலை இருக்கிறது. அங்கே ஒரு தாத்தாவும் பேத்தியும் நின்றிருந்தார்கள். பேத்திக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பள்ளியில் கற்ற ஆங்கிலத்தைப் பேசிப் பார்க்க ஆசை. எந்த நாடு என்று கேட்டாள். இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே என்று தாத்தா கேட்கச் சொன்னார். இவர் வந்து தங்கிய ஊர் என் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம் என்று கைப்பேசியில் தட்டி, சிலையைக் காட்டினேன். தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு அக்கம்பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் அழைத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். என்னைச் சிலையோடு நிற்க வைத்துப் படம் எடுத்தவர்களில் பாதிப்பேர் யார் என்றே எனக்குத் தெரியாது. 2015 மே மாதம் நம் பிரதமர் அதே கோபுரத்தைப் பார்க்கப் போனதும், 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரத்துக்கு வந்ததும் நாட்டுத் தலைவர்களின் மரியாதைகள். அந்தத் தாத்தாவின் மகிழ்ச்சியில் எனக்குக் கிடைத்த மரியாதை அதற்குக் குறைந்ததில்லை.

கோபுரத்துக்குத் தெற்கே டாங் காலத்து வீதி என்று புதிதாகக் கட்டிய அகன்ற நடைபாதை ஒன்று இரவெல்லாம் விளக்கில் மினுங்குகிறது. இளம்பெண்கள் பழங்கால உடையை வாடகைக்கு எடுத்து, கொண்டையில் பூ வைத்து, படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழமை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அலுவலகம் முடிந்து வந்த பெண்கள் தங்களை அழகாகப் பார்த்துக்கொள்ளும் அந்தச் சந்தோஷம் உண்மையானது. ஒரு மாலைக்குப் போதும்.

இனி மனிதர்கள்.

ஷியானில் மனிதர்களைச் சந்திக்கச் சிறந்த இடம் எது என்று கேட்டால், யாங்ரோ பாவ்மோ கடை என்பேன். ஆட்டிறைச்சிச் சாற்றில் ரொட்டித் துண்டுகளை வேகவைத்துத் தரும் உணவு அது, மாட்டிறைச்சியிலும் செய்கிறார்கள். கடையில் போய் உட்கார்ந்ததும் சாப்பாடு வராது. ஒரு வெறும் கிண்ணமும், உள்ளங்கை அகலத்தில் கெட்டியான வட்ட ரொட்டியும், ஒரு எண் அட்டையும் வரும். ரொட்டியை நீங்களே விரலால் கிள்ளிக் கிள்ளிக் கிண்ணத்தில் போட வேண்டும். துண்டு சோயாப் பயறு அளவுக்குச் சிறிதாக இருந்தால்தான் சாறு உள்ளே இறங்கும். நிதானமாகக் கிள்ளி முடிக்க அரை மணி நேரம் ஆகும். பிறகு கிண்ணம் எண்ணோடு அடுப்பறைக்குப் போகும். நீங்கள் கிள்ளிய ரொட்டி உங்களுக்கே திரும்பி வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த எண். துண்டின் அளவைப் பார்த்தே சாறு எவ்வளவு, தீ எவ்வளவு என்று சமையற்காரர் முடிவு செய்வார் என்கிறார்கள்.

அந்த அரை மணி நேரம்தான் எனக்கு முக்கியம். எல்லார் கைக்கும் வேலை இருக்கிறது, வாய்க்கு இல்லை. கைப்பேசியை நோண்டவும் முடியாது. என் மேசையில் எழுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் இருந்தார்கள். பெரியவர் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார், தம் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார். அவருடைய துண்டுகள் மணிமணியாக இருந்தன. அந்த அம்மா எதுவும் சொல்லாமல் கை நீட்டி என் ரொட்டியில் பாதியை எடுத்துத் தாமே கிள்ளத் தொடங்கிவிட்டார். மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, மாதம் என்ன வருமானம், வீட்டுக்காரர் ஏன் வரவில்லை என்ற கேள்விகள் எல்லாம் வந்தன. வருமானத்தைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. தமிழ்நாட்டிலும் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் கேட்கிற கேள்விதானே!

அந்த அம்மா நகரின் கிழக்கே, 1950-களில் எழுந்த நெசவாலைப் பகுதியில் நூற்பாலைத் தொழிலாளியாக இருந்தவர். என் அத்தை கோயம்புத்தூரில் ஒரு மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. ரொட்டியை வைத்துவிட்டு, இரண்டு விரலைக் காற்றில் திருகி, அறுந்த நூலை முடிக்கும் அசைவைச் செய்து காட்டினார். அத்தை திண்ணையில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் செய்கிற அதே அசைவு. மில்லில் இரைச்சல் அதிகம், இப்போது காது சரியாகக் கேட்பதில்லை என்றார். அத்தைக்கும் அப்படித்தான். அதன்பிறகு எங்களுக்குச் செயலி அதிகம் தேவைப்படவில்லை. கிண்ணங்கள் திரும்பி வந்தபோது, சர்க்கரையில் ஊறிய பூண்டையும் மிளகாய் விழுதையும் என் பக்கம் தள்ளினார். கிண்ணத்தைக் கலக்கக் கூடாது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தின்றுகொண்டே உள்ளே போக வேண்டும் என்று சைகையில் காட்டினார். மொத்தப் பயணத்திலும் அந்த மேசைதான் என் மனதில் முதலிடத்தில் இருக்கிறது.

இறைச்சி சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லியாங்பி என்ற குளிர்ந்த அரிசி நூடுல்ஸ், மிளகாய் எண்ணெயும் காடியும் வெள்ளரியும் சேர்த்து எல்லாத் தெருவிலும் கிடைக்கும். இடுப்புப் பட்டை அகலத்துக்கு இழுத்த பியாங்பியாங் நூடுல்ஸை இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கலாம். கூடவே பிங்ஃபெங் என்ற ஆரஞ்சு சோடா. 1953-லிருந்து இந்த ஊர்க்காரர்களின் சொந்தப் பானம். புத்த மடங்களை ஒட்டிச் சைவ உணவுக்கடைகளும் உண்டு. முட்டையும் கூடாது என்றால் அதையும் சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

பாவ்மோ கடைகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஹுய் இனத்து முஸ்லிம்கள். முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் அவர்களுடைய தெருக்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. முன்தெருவில் வெளியூர்க் கூட்டம் நெரிக்கும். அதைக் கடந்து மேற்கே சாஜின்சியாவ் பக்கம் நடந்தால் உள்ளூர்க்காரர்கள் காலை உணவுக்கு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். இந்தச் சந்துகளுக்குள்தான் பெரிய மசூதி. 742-ல் தோன்றியது என்பது மரபு. இன்று நிற்கும் கட்டடங்கள் 1392 முதலான மிங் காலத்தவை. குவிமாடம் கிடையாது. நீல ஓட்டுக் கூரையும் மர மண்டபங்களும் தோட்டமும் அடுத்தடுத்த முற்றங்களுமாக மேற்கு நோக்கி நீள்கிறது. தொழுகைக் கூடத்துக்குள் மற்றவர்கள் போகக் கூடாது, முற்றத்தில் உட்காரலாம். நம் முஸ்லிம் வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அங்கே நீங்கள் சொல்லும் சலாமுக்கு ஒவ்வொரு ரொட்டிக் கடையிலும் பதில் சலாம் வரும். என்னோடு விடுதியில் தங்கியிருந்த மலேசியப் பெண் ஒருத்தி சலாம் சொன்ன கடையில் எங்கள் இருவருக்கும் முக்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார்கள்.

காலை வேளைகளை மதிலுக்கு வெளியே, அகழிக்கும் சுவருக்கும் இடையே உள்ள பூங்காவுக்குக் கொடுங்கள். மதிலைச் சுற்றி நீளும் பூங்கா அது. ஊரின் ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் அங்கேதான். ஒரு மரத்தடியில் மெதுவாகக் கை வீசித் தாய்ச்சி செய்கிறார்கள். அடுத்த மரத்தடியில் சாட்டையால் பெரிய பம்பரத்தை அடித்துச் சுற்றவிடுகிறார்கள். சாட்டைச் சத்தம் மதிலில் மோதித் திரும்புகிறது. இன்னொரு பக்கம் வட்டமாக நின்று இறகுப் பந்தைக் காலால் உதைத்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் வட்டம் தானாக விரியும், நமக்கும் ஓர் இடம் கிடைக்கும். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இழுவை வாத்தியத்துக்கு ஏற்பத் தொண்டை நரம்பு புடைக்கப் பாடுகிறவர்கள் சின்சியாங் பாட்டுக்காரர்கள். ஷான்சியின் பழைய இசை நாடகம் அது. உச்சக் குரலில், அடிவயிற்றிலிருந்து வரும் பாட்டு. தெருக்கூத்து கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் குரலின் வேகம் பழக்கமாகவே இருக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் கைதட்டினேன். பாடிய அம்மா என்னிடம் காகிதத்தை நீட்டினார், பாடு என்று! என் ஊர்த் தாலாட்டு ஒன்றைப் பாடினேன். வாத்தியக்காரர் இரண்டாவது அடியிலேயே சுருதியைப் பிடித்துவிட்டார்.

அங்கேதான் தரையில் தண்ணீரால் எழுதுகிறவரையும் பார்த்தேன். துடைப்பம் போல் நீண்ட தூரிகை, நுனியில் பஞ்சு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நடைபாதைக் கற்களில் ஒரு கல்லுக்கு ஓர் எழுத்து வீதம் எழுதிக்கொண்டே பின்னால் நடக்கிறார். கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து உலர்ந்திருக்கும். அதற்காக வருத்தப்படுகிறவர் அவரில்லை. கைக்குப் பயிற்சி, உடம்புக்கும் நல்லது என்றார். என் கையில் தூரிகையைக் கொடுத்தார். வணக்கம் என்று தமிழில் எழுதினேன். சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். அவர் தம் பெயரைச் சொல்லி அதையும் என் எழுத்தில் எழுதச் சொன்னார். பிறகு நான் எழுதியதைப் பார்த்துப் பார்த்து, நம் சுழிகளை ஒரே இழுப்பில் போட்டார். என் கையெழுத்தைவிட அது அழகாக இருந்தது.

எழுத்தின்மேல் அந்த ஊருக்கு உள்ள பற்றைத் தெரிந்துகொள்ள, மதிலின் தென்வாசல் அருகே உள்ள 'கல்வெட்டுக் காடு' என்ற இடத்துக்குப் போங்கள். 1087-ல் தொடங்கிய சேகரிப்பு அது. 837-ல் முடித்த, நூல்களை முழுவதுமாகக் கல்லில் வெட்டிய வரிசை அங்கே இருக்கிறது. கிறிஸ்தவம் சீனாவுக்கு வந்த கதையைச் சொல்லும் 781-ஆம் ஆண்டுக் கல்லும் இருக்கிறது. கல்மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, மை தடவிய பஞ்சுறையால் தட்டித் தட்டிப் படியெடுக்கும் கலைஞரையும் பார்க்கலாம். கல்வெட்டுப் படி எடுப்பதைக் கண்டிருக்கும் நம் ஊர் வரலாற்று ஆர்வலர்கள் அந்தத் தட்டலைக் கேட்டால் நகர மாட்டார்கள்.

புரட்சிப் பூங்கா என்று ஒன்று. 1926-ல் பல மாதங்கள் நீடித்த நகர முற்றுகையில் இறந்தவர்களின் நினைவாக அடுத்த ஆண்டு உருவானது. இன்று அதன் ஒரு மூலையில் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு வரன் தேடுகிறார்கள். பிறந்த வருடம், உயரம், படிப்பு, வேலை, சம்பளம், சொந்த வீடு உண்டா என்று தாளில் எழுதிக் கயிற்றில் மாட்டியிருக்கிறார்கள். பெற்றவர்கள் ஒருவர் தாளை ஒருவர் படித்தபடி நடக்கிறார்கள். பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. மகளுக்கு முப்பத்திரண்டு வயது, மென்பொருள் வேலை, கல்யாணப் பேச்சை எடுத்தாலே தொலைபேசியை வைத்துவிடுகிறாள் என்று ஒரு தாய் சொன்னார். உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இதையேதான் செய்வோம், கூடவே ஜாதகமும் பார்ப்போம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாட்டின் மாற்றத்தைப் பற்றிப் பத்துக் கட்டுரை படிப்பதைவிட அந்த மூலையில் ஒரு மணி நேரம் நிற்பது மேல்.

தங்குவதற்குத் தென்வாசல் பக்கம் பழைய முற்ற வீடுகளை விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். ஓர் அறையில் நான்கு முதல் எட்டுப் படுக்கை; பெண்களுக்குத் தனி அறை உண்டு. சில விடுதிகளில் மாலையில் தங்கியிருப்பவர்கள் எல்லாரையும் உட்கார வைத்து ஜியாவ்ஸி செய்யச் சொல்கிறார்கள். மாவுத் தகட்டில் பூரணம் வைத்து ஓரத்தை மடித்து மூட வேண்டும். தீபாவளிக்குச் சோமாசு மடித்த கை என்பதால் எனக்கு உடனே வந்துவிட்டது. சமையல் செய்யும் அம்மா என் தட்டை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். விடுதியின் முகப்பில் வேலை செய்த இளைஞன் நான் தமிழ் பேசுகிறவள் என்று அறிந்ததும் கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினான். விஜய் சேதுபதி! 2024 நவம்பர் கடைசியில் சீனத் திரையரங்குகளில் வெளியான 'மகாராஜா'வை அவன் பார்த்திருந்தான். அந்தக் குப்பைத்தொட்டிக்கு லட்சுமி என்ற பெயர் எப்படி வைப்பீர்கள் என்று கேட்டான். அவனுக்கு லட்சுமி யார் என்று விளக்க அன்று இரவு வெகுநேரம் ஆனது. கொஞ்சம் வயதானவர்களிடம் இந்தியா என்றால் 'தங்கல்' வரும், ஆமிர் கான் பெயர் வரும்.

எல்லாரும் பேசுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கைப்பேசியை நீட்டினால் கையை அசைத்து விலகிப் போகிறவர்களும் உண்டு. பலருக்கு வெட்கம், சிலருக்கு அவசரம். வற்புறுத்தாதீர்கள். அரசியலை நீங்களாக எடுக்காதீர்கள். உங்கள் எதிரே இருப்பவருக்கு அது சங்கடம் தரலாம். காவலர்களையும் ராணுவத்தினரையும் படம் எடுக்க வேண்டாம். யாரைப் படம் எடுப்பதானாலும் முதலில் கேளுங்கள். என்னிடம் மறுத்தவர்கள் மிகச் சிலர்.

தேவையான விவரங்கள் சில. இந்தியர்களுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். தங்கும் இடத்தில் 24 மணி நேரத்துக்குள் உங்கள் வருகை காவல்துறையில் பதிவாக வேண்டும். விடுதியே அதைச் செய்துவிடும். வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று மட்டும் முன்பதிவின்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். ரயில் சீட்டு பாஸ்போர்ட் பெயரில்தான். குவாங்சோவிலிருந்து ஷியானுக்கு அதிவேக ரயிலில் ஒரு பகல் பயணம். அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் பன்னாட்டு அட்டையை ஊரிலேயே இணைத்துக்கொண்டு போங்கள். தெருவோரக் காய்கறிக்காரர்கூட அதில்தான் பணம் வாங்குகிறார். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்குள்ள இணையத்தில் வேலை செய்யாது. நம் ஊர் சிம்மில் ரோமிங் எடுத்தால் செய்யும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிதான் உங்கள் பணப்பையும் வாயும், சார்ஜ் தீரக் கூடாது. வெந்நீர் எங்கும் இலவசம். ரயில் நிலையத்திலும் ரயிலிலும் குழாயில் வரும், ஒரு நல்ல குடுவை போதும். பொதுக் கழிப்பறைகளில் காகிதம் இருக்காது, கையில் வைத்திருங்கள். கோடை கடும் வெயில், குளிர்காலம் உறையும் குளிர். ஏப்ரலும் அக்டோபரின் பின்பாதியும் இதமானவை. மே முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம், சீனப் புத்தாண்டு ஆகிய விடுமுறைகளில் நாடே பயணத்தில் இருக்கும், அப்போது போகாதீர்கள்.

தனியாகப் போகும் பெண்களுக்கு: இரவு பத்து மணிக்கு மேலும் ஷியான் தெருக்களில் பயமின்றி நடந்தேன். சதுக்கங்களில் பாட்டுப் பெட்டியை வைத்து நாற்பது ஐம்பது பெண்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருப்பார்கள், எல்லாரும் என் வயதுக்காரர்கள். கடைசி வரிசை எப்போதும் புதியவர்களுக்குத்தான். சேர்ந்து ஆடுங்கள்.

உங்கள் பயணத் திட்டத்தில் இருக்கும் இடங்களைப் பாதியாகக் குறையுங்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். மிச்ச நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் உட்காரும் இடத்தில் போய் உட்காருங்கள். திரும்பி வந்ததும், நீங்கள் சந்தித்த ஒரே ஒரு மனிதரைப் பற்றி 300 சொற்களில் எங்களுக்கு எழுதுங்கள். பார்த்த இடங்களின் பட்டியல் வேண்டாம். சீனாதான் என்றில்லை, எந்த ஊராக இருந்தாலும் சரி. அடுத்த பயணச் சிறப்பிதழின் முதல் பக்கங்கள் அந்தக் கடிதங்களுக்குத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்